முன்னோரின் வஃபாத் நாளைத் தேடி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் பலரும் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே மறைந்தோர் பட்டியலைத்தான் புரட்டுகிறோம். சென்ற ஆண்டு நம்மோடு தொழுகை வரிசையில் நின்றவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அதே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "உங்கள் பாட்டனாரின் தகப்பனார் எந்த ஆண்டில் வஃபாத்தானார்கள்?" என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் மௌனமாகி விடுகிறோம். பெயர் தெரியும்; வீடு எது என்று தெரியும்; கொழும்பிலோ பினாங்கிலோ கடை வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். காலம் தெரியாது.

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்து தொடங்க விரும்புகின்றனர். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பயன் தருவதில்லை. பிறப்பு என்பது ஒரு வீட்டின் உள்ளறையில் நிகழ்ந்து, அந்த வீட்டாரின் நினைவோடு நின்றுவிட்டது. மரணம் அப்படியன்று. குளிப்பாட்டவும், கபன் இடவும், ஜனாஸா தொழவும், குழி வெட்டவும், அடக்கவும் ஊரே கூடுகிறது. ஊர் கூடிய இடத்தில் ஏதேனும் ஓர் எழுத்து மிஞ்சுகிறது. ஆகவே வஃபாத்திலிருந்து பின்னோக்கிச் செல்வதே முறை என்பது நமது கருத்து.

இது நமக்குப் புதிய வழியும் அன்று. நபிமொழிகளை அறிவித்தோரின் நம்பகத்தன்மையை ஆய்ந்த ஹதீஸ் கலை அறிஞர்கள், ஒவ்வோர் அறிவிப்பாளரும் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் தேடித் தேடிக் குறித்தனர். ஒருவர் மறைந்தபின் பிறந்த மற்றொருவர், "அவரிடம் நேரில் கேட்டேன்" என்று சொன்னால், அந்த ஆண்டுக்கணக்கே அவருடைய கூற்றை உடைத்துவிடும். இப்பயிற்சியிலிருந்து 'வஃபயாத்' என்னும் தனி நூல்வகையே பிறந்தது. திமிஷ்கில் காழியாக இருந்த இப்னு கல்லிகான் (ரஹ்) கி.பி. 1274இல் நிறைவு செய்த வஃபயாத்துல் அஃயான் என்ற பெருநூலில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பெருமக்களின் வரலாறுகள் உள்ளன. மறைந்த ஆண்டு தெரியவராதவர்களை அவர்கள் பொதுவாக நூலில் சேர்க்கவில்லை. பிறப்பை விட்டாலும் இறப்பை விடாத அந்தக் கண்டிப்பு இன்றைய வரலாற்றாசிரியர்களும் மெச்சத்தக்கது.

இதில் வெறும் ஆர்வம் மட்டுமே இருக்கிறது என்று எவரும் எண்ண வேண்டாம். பாகப்பிரிவினை விவகாரங்களில் முதலில் எழும் கேள்வியே, யார் முன்னே, யார் பின்னே என்பதுதான். தகப்பனார் உயிரோடிருக்க மகன் மறைந்தால், உயிரோடுள்ள மற்ற ஆண்மக்கள் இருக்கும்போது அந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. தகப்பனார் ஒரு நாள் முன்னதாக மறைந்திருந்தாலோ, மகனுக்கு உரிய பங்கு உறுதியாகி, அது அவருடைய வாரிசுகளுக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு நாள், யத்தீம் பிள்ளைகளின் வீட்டையே தீர்மானிக்கிறது. பங்கு பிரிக்கப்படாமலே இரண்டு மூன்று தலைமுறை கடந்துவிட்ட சொத்துகளை ஃபராயிழ் கலையில் 'முனாஸகா' என்பர். அத்தகைய கணக்கைப் போட உட்காரும் ஆலிம் பெருமக்கள் முதலில் கேட்பது மறைந்தோரின் வரிசையைத்தான். ஒரே விபத்தில் இருவர் மறைந்து, முன்பின் தெரியாவிட்டால், ஒருவருக்கு மற்றவர் வாரிசாக மாட்டார் என்பது பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலிலும், 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையிலும் ஒரே வீட்டில் பலரை இழந்த குடும்பங்களுக்கு இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருந்திருக்காது.

இனி, தேடும் இடங்களைப் பார்ப்போம். முதலிடம் நமது பள்ளிவாசல் அலுவலகமே.

மய்யித்துப் பதிவேடு முறையாக எழுதப்பட்ட ஜமாஅத்துகளில் வேலை எளிது. அது இல்லாத காலத்திற்கு என்ன செய்வது? கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். கபன் துணி, குழி வெட்டுக் கூலி, ஆதரவற்ற மய்யித்தின் அடக்கச் செலவு ஆகியவை செலவுப் பத்தியிலும், மறைந்தவர் பெயரால் வீட்டார் அளித்த நன்கொடை வரவுப் பத்தியிலும் இருக்கும். எழுதியவர் காசுக்காக எழுதினார்; நமக்கு நாள் கிடைக்கிறது. தலைக்கட்டுச் சந்தாப் புத்தகமும் அவ்வாறே. பல ஆண்டுகள் ஒருவர் பெயரில் வந்த சந்தா, ஓர் ஆண்டில் மகன் பெயருக்கு மாறியிருந்தால், காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ஆயினும் அவர் அக்கரைக்குப் பயணம் போயிருக்கவும் கூடும் என்பதை மறந்துவிடலாகாது.

இவை எல்லாவற்றையும்விட நாம் உயர்வாக மதிப்பது நிக்காஹ் தப்தரை. திருமணப் பதிவில் மரணத்தைத் தேடுவதா என்று வியக்கலாம். மணமகளின் தகப்பனார் பெயருக்கு முன் 'மர்ஹூம்' என்று எழுதியிருந்தால், அந்த நிக்காஹ் நாளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார் என்பது உறுதி. அச்சொல் எழுதப்படாத இடத்திலும் வலீயைக் கவனிக்க வேண்டும். நம் மத்ஹபுப்படி தகப்பனார், அவர் இல்லையேல் பாட்டனார், அதன்பின்பே உடன்பிறந்த சகோதரர், சிறிய தகப்பனார், பெரிய தகப்பனார் என்று உரிமை இறங்குகிறது. அண்ணன் வலீயாக நின்று கையெழுத்திட்டிருந்தால், தகப்பனாரும் பாட்டனாரும் அன்று இல்லை, அல்லது தொலைவில் இருந்தார்கள் என்று பொருள். ஒரு வீட்டின் மூத்த பெண்ணுக்குத் தகப்பனாரே வலீ, நான்காண்டு கழித்து இளைய பெண்ணுக்கு அண்ணன் வலீ என்றால், தேட வேண்டிய காலம் அந்த நான்காண்டாகச் சுருங்கி விடுகிறது. அதன்பின் அரசுப் பதிவேட்டைப் புரட்டுவது எளிது. சார்பதிவாளர் அலுவலகத்துக் கிரயப் பத்திரங்களிலும் பாகப் பத்திரங்களிலும் 'காலஞ்சென்ற' என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது. பாகப் பத்திரத்தில் வாரிசுகள் அனைவரும் பெயர் சொல்லிக் கையெழுத்திடுவதால், சொந்தமும் சேர்ந்து வெளிப்படுகிறது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், ஒரே வீட்டில் நூறாண்டுக்குள் மூன்று செய்யிது முகம்மதுகள் இருப்பார்கள். தகப்பனார் பெயரும் வீட்டுப் பெயரும் சேராத எந்தப் பதிவையும் நம்மவர் என்று உடனே கொண்டாட வேண்டாம். எழுத்து வேறுபாடுகளோ கணக்கில் அடங்கா. முஹம்மது, முகம்மது, மகமது, மம்மது எல்லாம் ஒருவரே. மரைக்காயர் என்பது ஆங்கிலப் பதிவுகளில் மரிக்கார், மெரிக்கன் என்றெல்லாம் வரும். மலாய் நாட்டுப் பழைய ஏடுகளில் நம்மவரைச் 'சூலியா' என்றோ 'கிளிங்' என்றோ இனம் குறித்திருப்பர். பெண்களின் நிலைதான் வருத்தத்திற்குரியது. 'இன்னாரின் தாயார்', 'இன்னாரின் மனைவி' என்ற அளவில் பதிவு நின்றுவிடுகிறது. அவர்களது பெயரை மீட்பதற்கு மஹர் எழுதிய தப்தரும் சொத்துப் பத்திரமும்தான் வழி.

அடுத்த இடர், நாள்களை எழுதிய முறை. நம் முன்னோர் ஹிஜ்ரியில் எழுதினர். சிலர் கொல்லம் ஆண்டில் எழுதினர். கர்ணம் பசலியில் எழுதினார். வணிகர் தமிழ் வருடத்தின் பெயரில் எழுதினார். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைவு. ஆகவே 33 ஹிஜ்ரி ஆண்டுகள் 32 ஆங்கில ஆண்டுகளுக்குச் சமம். பிறைக் கணக்கில் 66 வயது என்று எழுதப்பட்டவர், ஆங்கிலக் கணக்கில் 64 வயதினர். ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதற்பிறை, 1979 நவம்பர் 20 அல்லது 21 ஆகும். பிறை கண்ட ஊரைப் பொறுத்து ஒரு நாள் மாறும். மாதம் தெரியாமல் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் கிடைத்தால், அது இரண்டு ஆங்கில ஆண்டுகளில் எதுவாகவும் இருக்கலாம். கீழக்கரையில் அடங்கியுள்ள ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 1115இல் மறைந்தார்கள். அந்த ஆண்டு 1703 மே மாதத்தில் தொடங்கி 1704இல் முடிகிறது. ஸஃபர் மாதம் என்று தெரிவதால்தான் 1703 என்று நாம் துணிந்து சொல்ல முடிகிறது.

கொல்லம் ஆண்டுடன் 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1100 என்பது 1924 ஆவணியில் தொடங்கியது. பசலியுடன் 590 கூட்ட வேண்டும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. தமிழ் வருடங்கள் அறுபதாண்டுச் சுற்று என்பதால் கவனம் மிக வேண்டும். 'தாது வருடம்' என்பது பஞ்சம் வந்த 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். பேரப்பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய இயலும்.

கிழமையிலும் ஒரு கண்ணி உண்டு. மக்ரிபோடு நமக்கு மறுநாள் பிறந்துவிடுகிறது. 'வியாழன் மாலை வெள்ளி இரவு' என்று இன்றும் நம் சுவரொட்டிகளில் போடுகிறோம் அல்லவா? பழைய நோட்டில் 'வெள்ளி இரவு வஃபாத்' என்று மட்டும் இருந்தால், அரசுப் பதிவேட்டில் அது வியாழக்கிழமையாக இருக்கக்கூடும். ஒரு நாள் வேறுபாடு கண்டு வேறொருவர் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பல வீடுகளில் ஆண்டு மறந்துபோய், மாதமும் பிறையும் மட்டும் நினைவில் நிற்கின்றன. ஆண்டுதோறும் அந்த நாளில் குர்ஆன் ஓதி, ஏழைகளுக்கு உணவளித்து வந்ததே காரணம். இவ்வழக்கம் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் அதனுள் நுழையவில்லை. வரலாற்றுக்கு வேண்டியது அந்த நாள்தான். 'ரஜப் பிறை 14, திங்கட்கிழமை' என்று கிழமையும் சேர்ந்து நினைவிருந்தால், அந்தப் பிறை அதே கிழமையில் வந்த ஆண்டுகள் ஒரு தலைமுறைக் காலத்தில் சிலவே என்பதால், ஆண்டையும் கண்டுபிடித்துவிடலாம். மாதங்களின் பேச்சு வழக்கையும் மூத்தவர்களிடம் கேட்டறிய வேண்டும். முஹ்யித்தீன் ஆண்டகை மாதம் என்றால் ரபீஉல் ஆகிர். கந்தூரி மாதம் என்றால், நாகூரை ஒட்டிய ஊர்களில் ஜமாதுல் ஆகிர்.

மீஸான் கற்களுக்கு வருவோம். காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களை அடுத்த மையவாடிகளில் ஐந்நூறு ஆண்டு கடந்த அரபுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. எல்லா ஊருக்கும் அப்பேறு இல்லை. பெரும்பாலான கபுருகளில் பெயரில்லாத கல்லே நடப்பட்டது. எளிமை கருதி அவ்வாறே விரும்பினர். எழுத்துள்ள கற்களில் அரபியும் அரபுத்தமிழும் கலந்து வரும். அரபுத்தமிழ் என்பது அரபு எழுத்துகளுடன் சில புதிய எழுத்துகளையும் சேர்த்துத் தமிழை எழுதிய முறை. இன்று அதைச் சரளமாக வாசிப்பவர்கள் ஊருக்குச் சிலரே. அவர்கள் இருக்கும்போதே வாசித்துக்கொள்ள வேண்டும். சில கற்களிலும் இரங்கற்பாக்களிலும் ஆண்டு எண்ணாக இராது. அப்ஜத் கணக்கில் ஒரு சொற்றொடரின் எழுத்து மதிப்புகளைக் கூட்டினால் ஆண்டு வரும். பிஸ்மில்லாஹ்வுக்கு 786 என்று நாம் கடிதத் தலைப்பில் எழுதி வந்தது அதே கணக்குதான்.

கல்லை வாசிக்கும் ஆர்வத்தில் அதைக் கெடுத்துவிடக் கூடாது. கம்பிப் பிரஷ், அமிலம், சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும். காலையிலோ அஸருக்குப் பின்போ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நிழற்படம் எடுத்தால், உச்சி வெயிலில் தெரியாத எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

அரசுப் பதிவுகளின் வரலாறு நம் மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 1899ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் நகராட்சிகளிலும் குறிப்பிட்ட ஊர்களிலும் பிறப்பு இறப்புப் பதிவுக்கு வழி செய்தது. கிராமங்களில் முன்சீப்பே எழுதினார். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பழைய பதிவேடுகளைத் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும் விசாரிக்க வேண்டும். இப்பதிவேடுகளில் இறப்பின் காரணம் பெரும்பாலும் 'ஜுரம்' என்றிருக்கும். காலரா, வைசூரி, பிளேக் அல்லாத ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதும் என்று எழுதியவர் கருதினார் போலும்! வயதையும் அறுபது, அறுபத்தைந்து என்று குத்துமதிப்பாகவே எழுதினர்.

இன்று நடப்பில் இருப்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். 2023இல் அது திருத்தப்பட்டது. இதன் 17ஆம் பிரிவின்படி எவரும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் செய்து, நகல் பெறலாம். ஆனால் இறப்பின் காரணத்தை அந்த நகலில் வெளியிடக் கூடாது. மறைந்தோரின் குறைகளைப் பேசலாகாது என்று மார்க்கம் கற்பித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டியது, இறப்பு நிகழ்ந்த ஊரில்தான் பதிவாகும் என்பது. நம் ஊரில் அடக்கப்பட்டவர் மதுரை மருத்துவமனையில் மறைந்திருந்தால், நம் ஊர்ப் பதிவேட்டில் எத்தனை முறை தேடினாலும் அவர் கிடைக்க மாட்டார்.

அக்கரைச் சீமைகளில் மறைந்தவர்களுக்கும் இதுவே விதி. இலங்கையில் இறப்புப் பதிவு 19ஆம் நூற்றாண்டிலேயே கட்டாயமாயிற்று. பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் நகல் கேட்கலாம். எந்தப் பிரிவில் மறைந்தார் என்பதைச் சொன்னால் வேலை விரைவாகும். 1930இல் தொடங்கிய வீரகேசரியும், 1932இல் தொடங்கிய தினகரனும் பல்லாண்டு மரண அறிவித்தல்களை வெளியிட்டு வந்தன. அவற்றின் பழைய இதழ்கள் சிலவும், நினைவு மலர்கள் பலவும் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 1845 முதலான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உள்ளிட்ட பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றியுள்ளது. ஆங்கில ஏடுகளில் தேடும்போது பெயரை நான்கைந்து எழுத்து வகைகளில் இட்டுப் பார்க்க வேண்டும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் அங்கே தேடலாம். நம் நாட்டில் பா. தாவூத் ஷா நடத்திய தாருல் இஸ்லாம், பின்வந்த பிறை, முஸ்லிம் முரசு, மணிவிளக்கு போன்ற இதழ்களில் இரங்கற் செய்திகளைத் தேடலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களின் பெருந்தொகுப்பு உள்ளது.

சிங்கப்பூரில் கபுரைத் தேடிச் செல்வோர் ஒன்றை அறிந்து செல்வது நலம். 1910இல் திறக்கப்பட்ட பிடாதாரி முஸ்லிம் அடக்கத்தலத்தில் 1972க்குப் பின் அடக்கம் இல்லை. அங்கிருந்த கபுருகள் 2006க்குள் தோண்டப்பட்டு, சுவா சூ காங்கில் மறு அடக்கம் செய்யப்பட்டன. 1998 முதல் அந்நாட்டில் அடக்கக் காலமே 15 ஆண்டுதான். அதன்பின் எச்சங்களைச் சேர்த்து அடக்குகின்றனர். பாட்டனாரின் கல் அதே இடத்தில் காத்திருக்கும் என்று எண்ணிப் போகலாகாது.

பர்மாவின் கதை வேறு. 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாக மலைவழி நடந்து வந்தவர்களில் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். கல்லும் இல்லை, பதிவும் இல்லை. அவ்வீடுகளில் மிஞ்சியிருப்பது கடைசியாக வந்த கடிதமும், அதன்மேல் உள்ள அஞ்சல் முத்திரையும்தான். அந்த முத்திரை நாளே 'இந்நாள் வரை உயிரோடிருந்தார்' என்பதற்குச் சான்று. அதைக் கிழிந்த தாள் என்று எறிந்துவிடக் கூடாது. ஏழாண்டு செய்தியில்லாதவர் உயிரோடிருக்கிறார் என்று கூறுவோரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவில் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் அது 111ஆம் பிரிவு. ஆனால் அவர் எந்த நாளில் மறைந்தார் என்பதை அச்சட்டம் சொல்லாது. வாரிசுரிமை அந்த நாளைப் பொறுத்தது என்றால், அதைத் தனியே மெய்ப்பித்தாக வேண்டும்.

கடைசியாக நம் வாசலில் உள்ள கரும்பலகை. பல பள்ளிவாசல்களில் மோதினார் சாக்பீஸால் எழுதும் அந்த நான்கு வரிகள்தான் ஊரின் இரங்கற் செய்தி. 'மர்ஹூம் இன்னாரின் மகனாரும், இன்னாரின் மருமகனாரும், இன்னாரின் சகளையும், இன்னாரின் தகப்பனாருமான' என்று செல்லும் அந்த ஒரே வாக்கியத்தில் மூன்று தலைமுறை உறவு அடங்கிவிடுகிறது. நல்லடக்கம் முடிந்த மறுநாள் ஈரத்துணி அதை அழித்துவிடுகிறது. இப்போது அதே வாக்கியம் வாட்ஸ்அப்பில் வருகிறது. கைப்பேசி மாறும்போது அதுவும் போய்விடுகிறது. அழிப்பதற்கு முன் பலகையை ஒரு படம் எடுத்து, தேதியிட்டுப் பதிவேட்டில் ஒட்டி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பழைய நோட்டுகள், கடிதங்கள், மரண அறிவிப்புத் தாள்கள், பிரயாணச் சீட்டுகள் ஆகியவற்றை வைத்திருக்கும் ஜமாஅத்தார்கள், அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்திற்குக் கொண்டுவந்தால், படியெடுத்துக்கொண்டு அசலை அப்போதே அவர்கள் கையில் திருப்பித் தருவோம். பெண்கள் வைத்திருப்பவற்றை வீட்டார் மூலம் அனுப்பலாம். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்து உதவினால், வாசிக்கப்படாத ஏடுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.